திண்டுக்கல் சமவெளியில் ஓர் ஆட்டுக்கிடை

தை மாதத்தில் திண்டுக்கல் வட்டாரச் சாலைகளில் கால்நடையாகச் செல்வோரைச் சாரை சாரையாகக் காணலாம். தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார்கள் அவர்கள். வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்களும் அன்னதானமும் அவர்களுக்கு உண்டு. அதே மாதத்தில் அதே சமவெளியில் வேறொரு கூட்டமும் நடக்கிறது. அதனை எதிர்கொண்டு அழைக்கப் பந்தல் எதுவும் இல்லை. முன்னே ஆடுகளும் பின்னே மனிதருமாகப் புழுதி கிளம்பச் செல்லும் கிடைக்காரர்களின் கூட்டம் அது. ஆண்டுதோறும் அவர்களைக் கண்டும் காணாதவர்களாய் இருந்த நாங்கள், சென்ற தை மாதத்தில் ஓர் இரவை அவர்களருகே கழிக்க நேர்ந்தது.

அதற்குக் காரணமானவர், அமெரிக்காவிலிருந்து பொங்கலுக்காக எங்கள் இல்லம் வந்திருந்த உறவினர். தம் பயணப் படங்களை அவர் எங்களுக்குக் காட்டினார். அரிசோனா மாநிலத்துப் பாலைவனத்தில் குவார்ட்சைட் என்னும் சிற்றூர். அதைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வண்டிகள். அவை வெறும் வண்டிகள் அல்ல. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளடங்கிய நடமாடும் வீடுகள். வட மாநிலங்களிலும் கனடாவிலும் பனி கொட்டும் மாதங்களில், பெரும்பாலும் பணி ஓய்வு பெற்ற முதியவர்கள், இதமான வெயிலை நாடி இங்கே வந்துவிடுகிறார்கள். இவர்களைப் ‘பனிப்பறவைகள்’ என்று அந்நாட்டார் அழைக்கின்றனர். குழாய் நீரும் மின்கம்பியும் இல்லாத வெட்டவெளியில், தொட்டியில் கொணர்ந்த நீரையும் சூரியத் தகட்டு மின்சாரத்தையும் கொண்டே பலர் மாதக்கணக்கில் வாழ்கின்றனர்.

அந்த நிலம் அரசுக்கு உரியது. பொதுவாக ஓரிடத்தில் 28 நாட்களுக்குள் 14 நாட்கள்தாம் தங்கலாம்; பிறகு இடம் பெயர வேண்டும். ஆனால் குளிர்காலம் முழுவதும் தங்க விரும்புவோருக்கென்றே சில பரப்புகளை 1983ஆம் ஆண்டு முதல் அரசு ஒதுக்கியுள்ளது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, உரிய கட்டணம் செலுத்தி அங்கே தங்கலாம்.

படங்களைப் பார்த்து முடித்ததும் உறவினரின் மகள், “நம்ம ஊர்ல இந்த மாதிரி யாரும் போய்த் தங்குறது இல்லையா?” என்று கேட்டாள். எங்களுக்குச் சட்டென்று விடை தோன்றவில்லை. பிறகுதான் வேடசந்தூர்ப் பக்கம் எங்களுக்குப் பழக்கமான விவசாயப் பெரியவர் ஒருவர், தம் காட்டில் கிடை போட்டிருப்பதாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. மறுநாள் மாலையே புறப்பட்டோம்.

மலைக்கோட்டையைப் பின்னே விட்டு வடக்கே கரூர்ச் சாலையில் சென்றால் நிலம் அகன்று விரிகிறது. தெற்கே சிறுமலையும் மேற்கே பழனி மலைத்தொடரும் நீலக்கோடுகளாய் விலகிப் போகின்றன. குடகனாற்றின் படுகை இது. மழைநாளில் ஓடி மற்ற நாளில் மணலாய்க் கிடக்கும் ஆறு. சாலையின் இருபுறமும் நூற்பாலைகள், அவற்றின் பின்னே மானாவாரி நிலங்கள். சோளமும் கடலையும் மக்காச்சோளமும் அறுவடையாகி, தட்டைகளும் தாள்களும் எஞ்சி நின்ற காலம்.

பெரியவரின் நிலத்தை நாங்கள் அடைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய நானூறு ஆடுகள், வலைக்குள் அடங்கியும் அடங்காமலும் நின்றன. பிறந்து சில நாட்களே ஆன குட்டிகளை ‘கொடாப்பு’ எனப்படும் பெரிய மூங்கில் கூடைகளைக் கவிழ்த்து உள்ளே அடைத்திருந்தார்கள். ஓரமாக ஒரு சிறு கூடாரம், மூன்று கல் அடுப்பு, தண்ணீர்க் குடங்கள், சூரிய விளக்கு ஒன்று, பழைய மொபெட் ஒன்று. காவலுக்கு இரண்டு நாய்கள். இரண்டு குடும்பங்களின் வீடும் வாசலும் அவ்வளவே.

கிடையின் தலைவரைக் கீதாரி என்பது வழக்கம். இந்தக் கீதாரிக்கு ஐம்பது வயதிருக்கும். சொந்த ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தில். ஏன் இத்தனை தொலைவு வருகிறீர்கள் என்று கேட்டோம். அவர் விளக்கியது இது: ஐப்பசி பிறந்தால் அவர்கள் ஊர் நிலங்களெல்லாம் நெற்பயிர். தை வரையில் ஆடு கால் வைக்க இடமில்லை. தரையோ ஈரம். ஈரத்தில் நின்றால் ஆட்டுக்குக் குளம்பு அழுகும். நீலநாக்கு நோயும் வரும். அந்நோயைப் பரப்புவன ஈர மண்ணில் பெருகும் சின்னஞ்சிறு கடிபூச்சிகள் என்பது கால்நடை மருத்துவர்கள் கூறும் உண்மை. ஆகவே மேடும் வறட்சியுமான நிலத்தைத் தேடி மந்தை புறப்படுகிறது. ஊரில் அறுவடை முடிந்தபின், மாசியிலோ பங்குனியிலோ திரும்புகிறது. பனிப்பறவைகள் தங்கள் உடலின் சுகத்துக்காக இடம் பெயர்கிறார்கள். இவர்கள் ஆடுகளின் உயிருக்காக இடம் பெயர்கிறார்கள்.

நிலத்துக்காரருக்கு இதில் என்ன ஆதாயம் என்பதைப் பெரியவர் சொன்னார். ஆட்டெரு அந்த ஆண்டே பலன் தரும், மாட்டெரு மறு ஆண்டில்தான் என்பது உழவர் வாக்கு. வண்டி கட்டி எருவை அள்ளிக் கொட்டும்போது ஆட்டின் சிறுநீர் கிடைப்பதில்லை. கிடை போட்டால் புழுக்கையும் சிறுநீரும் நேரே மண்ணில் இறங்குகின்றன. குளம்புகள் அவற்றை மிதித்துக் கலக்கின்றன. வெயிலில் சத்து ஆவியாகிப் போகுமுன் உழுதுவிட வேண்டும். ஒவ்வோர் இரவும் கிடையை அடுத்த பகுதிக்கு மாற்றிப் போட்டால் சில நாட்களில் காடு முழுவதும் எருவேறிவிடும். முன்பு இதற்குக் கூலி தானியமாக அளக்கப்பட்டது. இன்று இரவுக்கு இவ்வளவு என்று ரொக்கம். எழுத்தில் ஒப்பந்தம் ஏதும் இல்லை. “வாய்ச்சொல்லுதான். முப்பது வருசமா இவுங்க அப்பா காலத்துல இருந்து வர்றாங்க” என்றார் பெரியவர்.

அந்தி மங்கியதும் கீதாரியின் மனைவி குடத்தோடு கிணற்றடிக்குப் புறப்பட்டார். எங்கள் வீட்டுப் பெண்களும் துணையாக நடந்தார்கள். பாலைவனத்து முதியவர்கள் தொட்டியில் நீர் சுமந்து வருகிறார்கள். இந்த அம்மையார் நாளுக்கு நாள் வேறு வேறு கிணற்றில் நீர் கேட்க வேண்டும். “மேய்ச்சலுக்கு இல்லைன்னாகூடப் பட்டினியா அடுத்த ஊருக்குப் போயிரலாம்மா. தண்ணிக்கு இல்லைன்னு சொல்லிட்டா நடக்க முடியாது” என்றார். அதற்கு இரண்டு நாட்களுக்கு முன், வேறோர் ஊரில், மோட்டார் கொட்டகையைப் பூட்டிக்கொண்டு ஒருவர் போய்விட்டாராம். கைக்குழந்தையை இடுப்பிலும் ஆட்டுக்குட்டியைத் தோளிலும் சுமந்து மூன்று கல் தொலைவு நடந்ததாக, எவர்மீதும் கோபமின்றிச் சொன்னார். மூத்த பிள்ளைகள் இருவரும் ஊரில் பாட்டியிடம் இருந்து படிக்கிறார்கள். பொங்கலன்று அவர்களோடு கைப்பேசியில் பேசியதைச் சொன்னபோதுதான் அவர் குரல் தடுமாறியது.

இருட்டிய பிறகு நாங்கள் ஒன்றைக் கவனித்தோம். கிடையின் வலையைக் கட்டியிருந்த முளைகளில் சில, முளைகளே அல்ல. வெள்ளையடித்து எண் எழுதிய மனையடிக் கற்கள்! பெரியவரிடம் கேட்கத் தயங்கினோம். அவரே சொன்னார். மகன்கள் திருப்பூரில் இருக்கிறார்கள், உழ ஆளில்லை, பக்கத்து நிலத்தோடு சேர்த்து விலை பேசியாயிற்று. “கீதாரிகிட்ட இன்னும் சொல்லலை” என்று தாழ்ந்த குரலில் முடித்தார்.

ஒரு தனி மனிதர் தம் நிலத்தை விற்பதை நாம் குறை கூற இயலாது. ஆனால் கிடைக்காரருக்கு இருந்த மற்ற இடங்களும் ஒவ்வொன்றாகக் குறைந்து வருகின்றன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நம் ஊர்கள் பலவற்றில் இன்றும் ‘மந்தை’ என்றொரு இடம் உண்டு. ஆடு மாடுகள் கூடிய பொதுவெளி அது. பெயர் மட்டும் நிலைத்து, அங்கே பேருந்து நிற்கிறது, கட்டடங்கள் எழுந்துள்ளன. இத்தகைய ஊர்ப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது.

காட்டு மேய்ச்சலின் நிலையும் இவ்வாறே. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், நாடோடி மேய்ப்பரின் பருவகால மேய்ச்சல் உரிமையையும் ஏற்கிறது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் வனங்களில் கால்நடை மேய்ப்பதை முதலில் தமிழகமெங்கும் தடுத்து, பிறகு அத்தடையைத் தேசியப் பூங்கா, வனவிலங்குச் சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களைச் சேர்ந்த 11,806 எக்டேர் காடு, கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கென இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அது. அழிந்துவரும் சிற்றுயிருக்குப் புகலிடம் தந்தது போற்றத்தக்க செயலே. அதே அக்கறையோடு, ஆட்டுக்கும் அதனை மேய்ப்பவருக்கும் எங்கே இடம் என்று கேட்பதும் நம் கடமை அன்றோ?

பிற நாட்டார் இதற்கு வழி காணாமல் இல்லை. ஸ்பெயின் நாட்டில் மந்தைகள் நடந்து செல்லும் பழம்பாதைகள் ஏறத்தாழ 1,25,000 கிலோமீட்டர் நீளமுள்ளவை. அவற்றைப் பொதுச்சொத்தாக 1995ஆம் ஆண்டின் சட்டம் காக்கிறது. பருவந்தோறும் மந்தையோடு இடம் பெயரும் வாழ்க்கை முறையை, ஆஸ்திரியா, கிரேக்கம், இத்தாலி ஆகிய நாடுகளின் மரபாக யுனெஸ்கோ 2019இல் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. 2023இல் அது பத்து நாடுகளுக்கு விரிந்தது. 2026ஆம் ஆண்டையே மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. அரிசோனாவில் ஓய்வுக்காக வருவோருக்குக்கூட இடம் அளந்து தரப்படுகிறது. பிழைப்புக்காக வரும் நம் கீதாரிக்கு உள்ளதோ ஒரு பெரியவரின் வாய்ச்சொல் மட்டுமே.

இரவு ஏற ஏறப் பனி இறங்கியது. தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்களே, அதன் பொருள் அன்று விளங்கியது. பெரியவர் வீட்டுத் திண்ணையில் கம்பளியைப் போர்த்திக் கிடந்த எங்களுக்கே குளிர் தாங்கவில்லை. கிடையில் கீதாரி தீயருகே குந்தியிருந்தார். நள்ளிரவில் நாய் குரைக்கும் ஒலியும் ‘ஏய், ஓய்’ என்று ஆடுகளை எழுப்பிப் பக்கத்து மண்ணுக்கு நகர்த்தும் ஒலியும் கேட்டன. நக்கீரரின் நெடுநல்வாடை கூதிர்க்காலத்துக் கோவலரோடுதான் தொடங்குகிறது. வெள்ளத்துக்கு அஞ்சி, பழகிய நிலத்தை விட்டு மந்தையை வேற்று நிலத்துக்கு ஓட்டிச் சென்று, வருந்தி, தீயில் கைகாய்ந்து நடுங்கும் மேய்ப்பர்கள் அவர்கள். எத்தனை நூற்றாண்டுகள் சென்றாலும் அந்தத் தீயும் அந்த நடுக்கமும் மாறவில்லை. சில வாரங்களுக்கு முன்புதான் எங்கள் வீட்டுக் கிறிஸ்து பிறப்புக் குடிலில் மண்ணாலான இடையரையும் ஆடுகளையும் அழகாக அடுக்கி வைத்திருந்தோம். வயல்வெளியில் இரவுக்காவல் காக்கும் உயிருள்ள இடையர், எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருந்ததை எண்ண நாணமாக இருந்தது.

விடியற்காலையில் பெரியவர் கிடைக்குச் சென்றார். நாங்களும் உடன் சென்றோம். மனையடிக் கல்லைக் கையால் தொட்டபடி அவர் செய்தியைச் சொன்னார். கீதாரி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “கல்லைப் பார்த்தப்பவே தெரியும் ஐயா. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்” என்றார். கீதாரியின் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரியவர், “அழுகாத தாயி. வா கீதாரி, ஒரு எட்டுப் போயிட்டு வருவோம்” என்று அவரை அழைத்துக்கொண்டு வரப்பின்மேல் நடந்தார். கிழக்கே நான்கு காடு தள்ளி நிலம் வைத்திருந்த இளைஞர் ஒருவரிடம் சென்றார்கள். இரசாயன உரத்தைத் தவிர வேறொன்றும் போட்டறியாதவர் அவர். முதலில் தயங்கினார், ஆடு சொட்டுநீர்க் குழாயை மிதித்துவிடுமே என்றார். குழாயைச் சுருட்டி வைக்கும் வேலையைத் தாமே பார்ப்பதாகக் கீதாரி சொன்னார். கடைசியில், இந்த ஆண்டே ஐந்து இரவுகள் போட்டுப் பார்ப்போம், பயிர் நன்றாக இருந்தால் அடுத்த தையிலும் வரலாம் என்று முடிவாயிற்று. கிணற்றுத் தண்ணீருக்கும் சம்மதித்தார்.

ஐந்து இரவுகளால் நிலைமை முழுவதும் மாறிவிடாது. மேய்ச்சல் புறம்போக்குகளை மீட்பதும் மந்தைகளின் வழிகளை வரையறுப்பதும் ஆள்வோர் செய்ய வேண்டியவை. அவற்றை வற்புறுத்துவது நம் அனைவரின் பொறுப்பு. ஆயினும் கிராமங்களில் வாழும் வாசகர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. உங்கள் ஊர் எல்லையில் இந்தப் பனிக்காலத்தில் ஒரு கிடை வந்து இறங்கினால், மோட்டார் கொட்டகையின் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். உங்கள் நிலத்துக்கு நான்கு நாள் கிடை கேட்டுப் பாருங்கள்.

நாங்கள் புறப்பட்டபோது உறவினரின் மகள் ஒரு கொடாப்பைத் தூக்கிக் குட்டிகளைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவை துள்ளி ஓடித் தத்தம் தாயைத் தேடிச் சேர்ந்தன. கீதாரி வலையைச் சுருட்டத் தொடங்கினார்.