காது ரெண்டும் பத்திரம்!

மதுரைக்காரனுக்குக் குளிர் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மார்கழி மாசத்து விடிகாலையில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பாருங்கள். தெர்மாமீட்டர் 20 டிகிரி காட்டும். (கனடாக்காரனுக்கு அது கோடை காலம். அரை டிராயரோடு ஐஸ்கிரீம் சாப்பிடுவான்!) நம்மாள் தலையில் மங்கி குல்லா, அதற்கு மேல் ஒரு துண்டு, கழுத்தில் மஃப்ளர், இரண்டு கையாலும் பொத்திப் பிடித்த டீ கிளாஸ். "என்னா குளிருண்ணே... வெரலெல்லாம் வெறைக்குது!" என்று பக்கத்து ஆளிடம் சலித்துக்கொள்வார். பக்கத்து ஆள் பதில் சொல்ல மாட்டார். குல்லா காதை அடைத்திருப்பதால் அவருக்குக் கேட்டிருக்காது.

வைகையின் தென்கரையில் இருக்கும் இந்த பஸ் ஸ்டாண்டுக்கும் குல்லாவுக்கும் உள்ள உறவு, இங்கே நிற்கிற பஸ்களின் போர்டைப் படித்தாலே புரியும். கொடைக்கானல், தேனி, கம்பம், குமுளி... எல்லாம் மலையும் மலையடிவாரமும். கார்த்திகை பிறந்துவிட்டால் கறுப்பு வேட்டி ஐயப்ப சாமிகள் வேறு. கேட்கணுமா? கொடைக்கானல் பஸ்ஸின் ஜன்னலுக்கு ஜன்னல் குல்லா நீளும்.

"மேல போனா வெல டபுளுண்ணே... இங்கனயே வாங்கிக்கங்க!"

பி.காம். முதல் வருஷத்தில் டிமாண்ட், சப்ளை என்று ஒரு பாடம் உண்டு. ஒரு வருஷம் படித்தும் பிடிபடாத அந்தப் பாடம் ஆரப்பாளையத்தில் அஞ்சே நிமிஷத்தில் விளங்கிவிடும். டிரைவர் ஹாரன் அடிக்கும்வரை குல்லாவுக்கு ஒரு விலை. ஹாரன் அடித்தபின் ஒரு விலை. பஸ் நகர ஆரம்பித்துவிட்டால், "சரிண்ணே, குடுக்குறதக் குடுங்க!"

கொடைக்கானலுக்கு இந்தக் குல்லா போதும். சுமார் 7,000 அடி உயரம். டிசம்பர், ஜனவரி ராத்திரியில் குளிர் ஒற்றை இலக்க டிகிரிக்கு இறங்கும். மங்கி குல்லா தாராளமாகச் சமாளித்துவிடும்.

ஆனால், நம்ம பையன்கள் இப்போதெல்லாம் கொடைக்கானலோடு நிற்பதில்லையே! கம்பெனி ஒருத்தனை டொரன்டோவுக்கு அனுப்புகிறது. இன்னொருத்தன் டாக்டருக்குப் படிக்க ரஷ்யா போகிறான். மூன்றாமவன் லீவு போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் லே, லடாக் என்று கிளம்புகிறான். உசிலம்பட்டி, தேனிப் பக்கத்துப் பையன்கள் பட்டாளத்தில் சேர்ந்து பனிமலைக்கே காவலுக்குப் போகிறார்கள். அத்தனை பேர் பெட்டியிலும் அம்மா மறக்காமல் வைத்து அனுப்புவது என்ன? அதே ஆரப்பாளையம் மங்கி குல்லா! மைனஸ் 30-ல் அது என்ன செய்யும், பாவம்?

"உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாத்தான் போகுது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நம்மூர்ப் பெரியவர்கள் மட்டுமில்லை, 1970-ல் வந்த அமெரிக்க ராணுவக் கையேடே நாற்பது, நாற்பத்தைந்து சதவிகிதம் என்று எழுதி வைத்திருந்தது. 2008-ல் இரண்டு அமெரிக்க டாக்டர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதி இதை உடைத்தார்கள். தலை நம் உடம்புப் பரப்பில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. மூடாமல் விட்டால் போகிற சூடும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

'அப்புறம் எதற்கு சார் குல்லா?' என்கிறீர்களா? காதுக்கு!

காது மெல்லியது. சதை கிடையாது, கொழுப்பு கிடையாது, போதாக்குறைக்குத் தலைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால் தோலுக்கு அது மைனஸ் 33 மாதிரி. அந்தக் குளிரில் மூடாத தோல் பத்து நிமிஷத்திலிருந்து அரை மணிக்குள் உறைந்துபோகலாம். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம்!

இதில் ஒரு துரோகம் உண்டு. முதலில் காது வலிக்கும். அப்புறம் வலி நின்றுவிடும். 'பரவாயில்லையே, பழகிடுச்சே' என்று நம்மாள் நினைப்பார். பழகவில்லை அண்ணே, மரத்துவிட்டது! தோல் வெளிறி மெழுகு மாதிரி ஆகிவிட்டால் உடனே கதகதப்பான அறைக்குள் போகணும். காதை உள்ளங்கையால் மெதுவாகப் பொத்தலாம். தேய்க்கக் கூடாது, நெருப்புக்கு நேரே காட்டவும் கூடாது. உணர்ச்சி திரும்பாவிட்டால் டாக்டர்தான். அசட்டையாக விட்டால் காது விளிம்பு கறுத்து, அந்தத் துண்டையே இழக்க நேரிடும்.

சரி, எப்படிப்பட்ட குல்லா வாங்குவது? முதலில் குல்லாவின் ரகசியத்தைத் தெரிந்துகொள்ளணும். எந்தக் குல்லாவும் சூடு கொடுப்பதில்லை. சூடு நம்முடையது. அதை வெளியே போகாமல் பிடித்து வைப்பது மட்டும்தான் குல்லாவின் உத்தியோகம். சித்திரை வெயிலில் ஐஸ் கட்டியை மரத்தூள் போட்டுச் சாக்கால் மூடி வைப்பார்களே, பார்த்திருக்கிறீர்களா? மரத்தூளுக்கு நடுவே அசையாமல் கிடக்கிற காற்று, வெளிச்சூட்டை உள்ளே விடாது. ஃபர் குல்லாவில் இதே வித்தைதான், திசை மட்டும் மாறுகிறது. அடர்ந்த ரோமத்துக்குள் காற்று சிறைப்படுகிறது, நம் சூடு வெளியே போவதில்லை. மங்கி குல்லாவின் பின்னலில் உள்ள ஓட்டைகள் வழியாகக் காற்று உள்ளே வந்து நலம் விசாரித்துவிட்டுப் போய்விடும்.

ஆகவே, கடையில் செய்ய வேண்டியவை:

ஒன்று, ஊதிப் பாருங்கள். குல்லாத் துணியை வாயில் வைத்து ஊதுங்கள். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் காற்று பட்டால், பனிக்காற்றும் அதே வழியில் வரும். வெளிப்பக்கம் தோலோ, நெருக்கமாக நெய்த துணியோ இருக்கணும். ரோமம் உட்பக்கம் காதைத் தொட்டபடி இருக்கணும்.

இரண்டு, அளவு. புருவத்துக்கு மேலே, காதுக்கு மேலே டேப் வைத்துத் தலையைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். 58 சென்டிமீட்டர் என்றால் 59 வாங்குங்கள். உள்ளே மெல்லிசாக ஒரு கம்பளிக் குல்லா போட்டுக்கொள்ள இடம் கிடைக்கும். இறுக்கமான குல்லா ரோமத்தை நசுக்கிவிடும். காற்றுக்கு இடமில்லை என்றால் கதகதப்பும் இல்லை.

மூன்று, காது மடிப்புகள் காதை முழுக்க மூடி, தாடைக்குக் கீழே கட்டுகிற மாதிரி நீளமாக இருக்கணும். அழகுக்காகத் தைத்த குட்டி மடிப்புகள் போட்டோவுக்கு மட்டுமே உதவும்.

நான்கு, உள்லைனிங் பருத்தி வேண்டாம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூடு காக்கும். கட்டடத்துக்குள் நுழைந்ததும் குல்லாவைக் கழற்றிவிடுங்கள். ராத்திரி ஹீட்டர் மேல் போடாமல் காற்றாட உலர்த்துங்கள்.

ஐந்து, அசலா நகலா? ரோமத்தைப் பிரித்து அடியில் பாருங்கள். தோல் தெரிந்தால் அசல், நெசவு தெரிந்தால் செயற்கை. ஒரே ஒரு முடியைக் கொளுத்திப் பார்த்தாலும் தெரியும். அசல் என்றால் முடி கருகிய நாற்றம் அடித்துச் சாம்பலாகும், செயற்கை என்றால் உருகி மணியாகிவிடும். (இதைக் கடைக்குள் செய்யாதீர்கள். அப்புறம் உங்கள் காதுக்கு வேறு விதமான ஆபத்து!) செயற்கையிலும் அடர்த்தியானது நன்றாகவே உழைக்கும். முயலைக் கொல்ல மனசு வராதவர்கள் அதையே வாங்கலாம்.

முயல் என்றதும் ஞாபகம் வருகிறது. ரஷ்யக் குல்லாவுக்குப் பெயர் 'உஷான்கா'. ரஷ்ய மொழியில் 'உஷி' என்றால் காதுகள். பெயரிலேயே காதை வைத்திருக்கிறார்கள், பாருங்கள்! 1939-40-ல் பின்லாந்தோடு நடந்த சண்டையில், சோவியத் சிப்பாய்களின் கூம்புத் துணித்தொப்பி குளிரில் காலை வாரிவிட்டது. 1940-லேயே ராணுவம் உஷான்காவுக்கு மாறியது. ஆட்டுத்தோல், முயல்தோல், செயற்கை ரோமம் என்று அதில் பல ரகம். சூடு காக்காத உடுப்பை ரஷ்யர்கள் 'மீன் ரோமம்' என்று கிண்டல் செய்வார்கள். மீனுக்கு ஏது ரோமம்!

அந்த சோவியத் முயல் எங்கே கிடைக்கும் தெரியுமா? ஆரப்பாளையத்தில் கொடைக்கானல் பஸ் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து மன்னவனூர் போங்கள். மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் அங்கே இருக்கிறது. 'பாரத் மெரினோ' செம்மறி ஒரு பக்கம் மேய, கூண்டில் 'சோவியத் சின்சில்லா' முயல்கள் உட்கார்ந்திருக்கும். ரோமத்துக்கும் கறிக்கும் என்றே ரஷ்யாவில் உருவாக்கிய இனம். நம் ஊரில் யாரும் குல்லா கேட்பதில்லை, பிரியாணிதான் கேட்கிறார்கள். சைபீரியா தலைக்குப் போக வேண்டியது, மதுரை வயிற்றுக்குப் போகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் தன் குல்லாவைத் தானே தேர்ந்தெடுக்கிறவருக்கு. அந்த வசதி இல்லாதவர்களும் இருக்கிறார்கள்.

2016 பிப்ரவரி 3-ம் தேதி, சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரக் காவல் நிலை ஒன்றின் மேல் பனி சரிந்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். ஒருவரை ஆறாம் நாள் உயிரோடு தோண்டி எடுத்தார்கள். அவரும் 11-ம் தேதி போய்விட்டார். பத்துப் பேரில் ஒருவர் மதுரை மாவட்டம், ஒருவர் தேனி மாவட்டம். பனிச்சரிவை எந்தக் குல்லாவும் தடுக்காது. ஆனால் சரிவு இல்லாத நாளிலும் அங்கே குளிர் இருக்கிறது.

2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை, இப்படி உயரத்தில் நிற்கிற வீரர்களுக்கு வாங்கிய உடுப்புகளைக் கணக்குப் பார்த்தது. பனிக்கண்ணாடி பற்றாக்குறை, பூட்ஸ் பற்றாக்குறை, முகமூடியும் ஜாக்கெட்டும் தூங்கும் பையும் பழைய ரகம் என்று எழுதியது. அது பழைய காலத்துக் கணக்கு, சரிசெய்துவிட்டோம் என்று ராணுவத் தரப்பில் பதில் வந்தது. நானும் கணக்குப் படித்தவன். பேலன்ஸ் ஷீட்டில் 'பற்றாக்குறை' என்பது ஒரு வரி. மைனஸ் 40-ல் அது ஒருத்தனுடைய கண், ஒருத்தனுடைய கால்விரல்.

அந்த வீரனுக்குக் கடையில் நின்று ஊதிப் பார்க்க முடியாது. தலை அவனுடையது, குல்லாவைத் தேர்ந்தெடுப்பது எங்கோ ஓர் ஆபீஸ் ஃபைல். அந்த மாதிரி ஃபைலில் கையெழுத்துப் போடுகிற நாற்காலியில் நாளைக்கு உங்களில் யாராவது உட்காரலாம். அப்போது அளவையும் லைனிங்கையும் உங்கள் காதுக்கே வாங்குவதாக நினைத்துப் பாருங்கள்.

உங்களுக்காக வாங்கும்போது விலையை எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துப் பேசுங்கள், தப்பேயில்லை. காது மடிப்பின் நீளத்தில் மட்டும் பேரம் வேண்டாம் அண்ணே!