சின்ன லேத்தும் ஒரு தூக்குக்குண்டும்

மெக்கானிக்கல் படிக்கிற எல்லோருக்கும் லேத்து லேப் என்று ஒன்று வரும். 25 மி.மீ. எம்.எஸ். ராடு ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். ஸ்டெப் டர்னிங், டேப்பர் டர்னிங், கொஞ்சம் நர்லிங். டூலை லேப் அண்ணன் ஏற்கனவே மாட்டி வைத்திருப்பார். ஸ்பீடும் அவர் போட்டதுதான். மாணவர் சக்கரத்தைச் சுற்றுவார், வெர்னியரை வைத்துப் பார்ப்பார், ரெக்கார்டில் படம் வரைந்து கையெழுத்து வாங்குவார். முடிந்தது.

கோவையில் ஒரு மாணவனும் இப்படித்தான் பாஸ் செய்தான். நல்ல மார்க் வேறு. அவன் அப்பா கொத்தனார். மகன் மெஷின் வேலை கற்றுக்கொண்டான் என்றதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எனக்கொரு தூக்குக்குண்டு கடஞ்சு குடு சாமி."

இதைவிடச் சின்ன வேலை உண்டா என்றுதான் அவனும் நினைத்தான். காலேஜ் லேப்பில் சொந்த வேலைக்கு அனுமதி கிடையாது. ஆவாரம்பாளையத்தில், நாற்பது வருடம் லேத்து ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு டர்னர், மாடிப்படிக்குக் கீழே மேசை லேத்து ஒன்று வைத்திருப்பதாக நண்பன் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை போய் நின்றான். அடுத்த ஏழெட்டு ஞாயிறும் அங்கேதான்.

இங்கே அந்த மெஷினைப் பற்றிக் கொஞ்சம். மினி லேத்து என்று உலகம் முழுக்க விற்கிற சீனத் தயாரிப்பு அது. ஒரே மெஷினுக்குப் பல பெயர், பல கலர். சுமார் 180 மி.மீ. விட்டம் வரை சுழலும். இரண்டு சென்டருக்கும் நடுவே 300 மி.மீ. போல இடம். மொத்த எடை 40 கிலோ. உள்ளே சில பல்சக்கரங்கள் பிளாஸ்டிக்! காலேஜில் இருக்கிற வார்ப்பிரும்பு யானையோடு ஒப்பிட்டால் இது பொம்மை. அவனும் பொம்மை என்றுதான் நினைத்தான்.

கற்றுக்கொள்ளப் பெரிய மெஷின்தான் நல்லது என்று பலரும் சொல்வார்கள். பாதி சரி. பெரிய லேத்து கனத்தால் தப்பை மறைத்துவிடும். டூல் அரை மி.மீ. கீழே இருந்தாலும், முனை மழுங்கியிருந்தாலும், அது பாட்டுக்கு அமுக்கிக் கொண்டு வெட்டும். சின்ன லேத்துக்கு அந்தத் தெம்பு கிடையாது. கொஞ்சம் தப்பென்றாலும் நடுங்கும், கீச்சிடும், நின்றுவிடும். நாம் செய்த தப்பை உடனே காட்டிக் கொடுக்கிற இந்த மாதிரி வாத்தியார் கிடைப்பது அபூர்வம்.

முதல் ஞாயிறு முழுக்க ஒரு சுருள்கூட வெட்டவில்லை. மாஸ்டர் (அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) முதலில் பார்த்தது பையனின் மணிக்கட்டை. கோவில் கயிறு. "அதக் கழட்டி வெச்சுருங்க தம்பி. சாமி கோவிச்சுக்காது." வாட்ச், மோதிரம், முழுக்கைச் சட்டை, கையுறை எதுவும் ஆகாது. கையுறை பாதுகாப்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சுழல்கிற சக்குக்குப் பக்கத்தில் அதன் நூல் ஒன்று மாட்டினால் போதும், கையையும் சேர்த்து இழுத்துவிடும். கண்ணாடி மட்டும் கட்டாயம். சக் சாவியை மாட்டிவிட்டுக் கையை எடுக்கவே கூடாது. சாவி சக்கில் இருக்கும்வரை கை சாவியில் இருக்கவேண்டும். மறந்துபோய் சுவிட்சைப் போட்டால் அந்தச் சாவி எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாஸ்டரின் இடது சுட்டுவிரலில் மேல் கணு இல்லை. எப்படி என்று அவர் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

அன்று மதியம் டூல் உயரம். டூல் முனை சரியாகச் சுழல்மையத்தின் உயரத்தில் இருக்கவேண்டும் என்று புத்தகத்தில் ஒரே வரியில் போட்டிருக்கும். அந்த ஒரு வரிக்கு அரை நாள் ஆனது. மெஷினை நிறுத்திவிட்டு, உருண்டை ராடுக்கும் டூல் முனைக்கும் நடுவே ஒரு மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை லேசாகப் பிடிக்கவேண்டும். ஸ்கேல் நேராக நின்றால் உயரம் சரி. மேல்பக்கம் நம்மை நோக்கிச் சாய்ந்தால் டூல் கீழே இருக்கிறது. அந்தப் பக்கம் சாய்ந்தால் டூல் மேலே. உயர்த்துவதற்கு அடியில் தகடு வைக்கவேண்டும்: உடைந்த ஹாக்சா பிளேடு, பித்தளைத் தகடு, கடைசியில் குளிர்பான டின்னிலிருந்து வெட்டிய துண்டு. அந்த டின் தகடு ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன். காசில்லாமல் இதைவிட நல்ல ஷிம் கிடைக்காது. உயரம் சரியில்லையென்றால் பேசிங் செய்யும்போது ராடின் நடுவில் ஒரு சின்ன முளை மிச்சமிருக்கும். அந்த முளை போகும்வரை மாஸ்டர் அடுத்த பாடத்துக்குப் போகவில்லை.

கடைசல் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தயிர் கடைவதும், மரம் கடைவதும், இரும்பு கடைவதும் தமிழுக்கு ஒன்றுதான். அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான்கள் கடைசல் வேலைதான். அங்கே மரம் சுழலும், உளியைப் பிடிப்பது கை. உலோகத்துக்கும் ஒரு காலம்வரை அப்படித்தான். ஹென்றி மாட்ஸ்லே லண்டனில் 1800-ஐ ஒட்டிச் செய்த திருகு வெட்டும் லேத்தில், டூலைக் கை பிடிக்கவில்லை. திருகால் நகரும் ஸ்லைடு பிடித்தது. கை நடுங்கினாலும் டூல் நடுங்காது. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அந்த 40 கிலோ மெஷினும் அதே வம்சம்தான்.

இரண்டாவது, மூன்றாவது ஞாயிறுகள் எம்.எஸ். துண்டில் போயின. வேகக் கணக்கு அவனுக்கு மனப்பாடம்: எச்.எஸ்.எஸ். டூலுக்கு எம்.எஸ்-ஸில் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, அதை 1000-ஆல் பெருக்கி, 3.14-ஆலும் விட்டத்தாலும் வகுத்தால் சுற்று எண்ணிக்கை. 12 மி.மீ. ராடுக்கு 660 சொச்சம். பரீட்சையில் இதற்கு மார்க் வாங்கியவன். மாஸ்டருக்கு இந்தக் கணக்கு தெரியாது. சத்தத்தைக் கேட்டு, சுருளின் நிறத்தைப் பார்த்து, குமிழைத் திருகுவார். பையன் எட்டிப் பார்த்தால் கணக்குக்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

கணக்கு இன்னொரு இடத்தில் கைகொடுத்தது. 12 மி.மீ. ராடை சக்கிலிருந்து 80 மி.மீ. வெளியே நீட்டி வைத்துக் கடைந்தான். அளந்தால், சக் பக்கம் ஒல்லி, வெளிமுனை தடிமன். மெஷின் கோணல் என்று முதலில் சந்தேகம். கோணல் மெஷினில் இல்லை. நீட்டியிருக்கும் முனை டூலுக்குப் பயந்து விலகிக்கொள்கிறது, அதனால் அங்கே குறைவாக வெட்டுப்படுகிறது. நீட்டம் இரண்டு மடங்கானால் இந்த வளைவு எட்டு மடங்கு. விட்டம் பாதியானால் பதினாறு மடங்கு. இந்தச் சூத்திரத்தைப் பரீட்சையில் எழுதிவிட்டு மறந்தே போயிருந்தான். இப்போது அது கையில் மைக்ரோமீட்டர் அளவாக நின்றது. துண்டைக் குட்டையாகப் பிடித்து, கடைசியில் டூலை உள்ளே தள்ளாமல் அதே இடத்தில் இன்னொரு முறை ஓட்டினால், ஒன்றுமே வெட்டாது என்று நினைக்கிற அந்த ஓட்டத்திலும் மெல்லிசாகத் தூள் வரும். முந்தைய ஓட்டத்தில் விலகி நின்ற மிச்சம் அது.

டயல் கணக்கும் ஒரு தொல்லை. கிராஸ் ஸ்லைடை 0.1 தள்ளினால் விட்டத்தில் 0.2 போகும், சில மெஷினில் டயலே விட்டத்தைக் காட்டும்படி கோடு போட்டிருப்பார்கள். எது என்று தெரியாமல் தொட்டால் ஜாப் பழைய இரும்புக் கடைக்குத்தான். திருகில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அளவைத் தாண்டிவிட்டால் அப்படியே கொஞ்சமாகப் பின்னால் திருப்பக் கூடாது, ஒரு சுற்றே பின்வாங்கி மறுபடி முன்னால் வரவேண்டும்.

சரி, தூக்குக்குண்டு.

கொத்தனாரின் தூக்குக்குண்டைப் பார்க்காதவர்களுக்காக: நூலில் இரண்டு பொருள் கோத்திருக்கும். கீழே குண்டு. மேலே ஒரு கட்டை. கட்டையின் அகலமும் குண்டின் விட்டமும் ஒன்றாக இருக்கவேண்டும். கட்டையைச் சுவரோடு ஒட்டி வைத்துக் குண்டைத் தொங்கவிட்டால், குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்கவேண்டும். இடைவெளி விட்டாலோ, சுவரில் சாய்ந்தாலோ, சுவர் கோணல். அவ்வளவுதான் கருவி. பேட்டரி வேண்டாம், லேசர் வேண்டாம். ஆனால் இரண்டிலும் துளை நட்டநடுவில் இல்லையென்றால் பொய் சொல்லும். துளை 1 மி.மீ. தள்ளியிருந்து, கொத்தனார் மீட்டருக்கு ஒரு முறை மட்டம் பார்த்துக் கட்டிக்கொண்டே போனால், மூன்று மீட்டர் சுவரில் 3 மி.மீ. சாயலாம். பூச்சு வேலையில் அதை மறைக்கப் போகிற கூடுதல் சிமெண்டு யார் கணக்கு?

உக்கடத்தில் 40 மி.மீ. பித்தளை ராடு துண்டு வாங்கினான். பித்தளையின் குணம் வேறு. டூலின் மேல்பக்கம் சரிவில்லாமல் தட்டையாக இருக்கவேண்டும். சரிவு இருந்தால் டூலை உள்ளே இழுத்துக்கொள்ளும். டிரில்லும் அப்படியே, வெட்டும் விளிம்பைக் கல்லில் லேசாகத் தட்டையாக்காமல் விட்டால் திருகு மாதிரி உள்ளே பாய்ந்துவிடும். 500 சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக வைத்து ஓட்டினான். சுருள் வராது, பொன் மழை மாதிரித் தூள்தான். வெளிப்பக்கத்தை அழகாகக் கடைந்தான். அறுத்து எடுத்து, திருப்பி மாட்டி, நடுவில் துளை போட்டான். பளபளவென்று இருந்தது.

மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. நூலில் கோத்து, சுவரோரம் தொங்கவிட்டு, விரலால் ஒரு சுண்டு சுண்டிச் சுழலவிட்டார். குண்டு சுற்றச் சுற்ற, ஒரு பக்கம் சுவரைத் தொட்டது, மறுபக்கம் மெல்லிய வெளிச்சம் தெரிந்தது. தொட்டது, விலகியது, தொட்டது. "பாத்தீங்களா கண்ணு?"

மூன்று தாடை சக் தானாக மையம் பிடிக்கும் என்பது பாதி உண்மை. இந்தச் சின்ன மெஷின்களில் திருப்பி மாட்டும்போது பத்தில் ஒரு பங்கு மி.மீ. தள்ளுவது சகஜம். தாடையில் பித்தளைத் தூள் ஒன்று சிக்கியிருந்தால் இன்னும் மோசம். அன்று சிக்கியும் இருந்தது. சக் எங்கே பிடித்ததோ, டிரில் அங்கேதான் மையம் பார்க்கும். வெளிவட்டத்தின் மையம் எங்கே என்று அதற்குத் தெரியாது. எவையெல்லாம் ஒரே மையத்தில் இருக்கவேண்டுமோ, அவையெல்லாம் ஒரே பிடியில் முடியவேண்டும். காலேஜ் டிராயிங்கில் எல்லாக் கோடும் ஒரே நேரத்தில் இருக்கும். எதை முதலில் வெட்டுவது என்று அதில் எங்கும் எழுதியிருக்காது. மார்க் வாங்கிய நான்கு செமஸ்டரிலும் இந்தக் கேள்வி அவனுக்கு வந்ததே இல்லை.

அடுத்த துண்டுக்கு, சக்கில் மாட்டுவதற்கு முன்னால் உட்கார்ந்து பேப்பரில் வரிசை எழுதினான். குண்டின் மேல்முகம் வெளியே பார்க்கப் பிடிப்பது. பேசிங். சென்டர் டிரில். நூல் போகிற 3 மி.மீ. துளை, 25 மி.மீ. ஆழம், அடிக்கடி வெளியே இழுத்துத் தூளை உதறி. அதே பிடியில், கழற்றாமல், வெளிவட்டம். பிறகு மெஷினை நிறுத்தி ஹாக்சாவால் அறுப்பது. (40 மி.மீ. பித்தளையைப் பார்ட்டிங் டூலால் அறுக்க முயன்றால் இந்தக் குட்டி மெஷின் நடுங்கி அழும். மாஸ்டரே அதைச் செய்வதில்லை.) திருப்பிப் பிடித்து அடிமுகத்தைப் பேசிங் செய்து, முடிச்சு உட்காருவதற்காக 8 மி.மீ. துளையைக் கீழிருந்து போட்டு மேல்துளையோடு சேர்ப்பது. இந்தத் துளை கால் மி.மீ. தள்ளினாலும் கவலையில்லை, நூல் வெளியே வருகிற இடம்தான் நடுவில் இருக்கவேண்டும். பேப்பரை மாஸ்டரிடம் காட்டினான். இரண்டாவது வரிக்கு மேலே "தாடையைத் துடைக்கவும்" என்று மட்டும் சேர்த்துக் கொடுத்தார்.

குண்டு 37.86 வந்தது. 38 வரவில்லையே என்று பையனுக்கு வருத்தம். 38 யார் கேட்டது? கட்டையும் 37.86 வந்தால் போதும். கடைசி ஓட்டத்துக்கு முன்னால் பத்து நிமிடம் மெஷினை நிறுத்தி ஆறவிட்டார்கள். சூட்டில் விரிந்திருக்கும் பித்தளையை அளந்தால் ஆறியபின் அளவு குறைந்துவிடும். கட்டை 37.88-இல் நின்றது. எமரித் தாளை விரலில் சுற்றி ஒரு தேய் தேய்க்கலாமா என்று கேட்டான். மாஸ்டர் தன் இடது கையைக் காட்டி, வேண்டாம் என்று தலையாட்டினார்.

கொத்து வேலைக்கு இந்த 0.02 எல்லாம் பைத்தியக்காரத்தனம். மணல் துகள் ஒன்று அதைவிடப் பெரிது. பையனுக்கும் அது தெரியும். இருந்தாலும் குண்டைச் சுண்டிச் சுழலவிட்டபோது சுவருக்கும் அதற்கும் நடுவே இருந்த கோடு அசையவே இல்லை. அதை இருவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

400 கிராமுக்குச் சற்று மேலே இருந்த அந்தக் குண்டை அப்பா கையில் எடைபோட்டுப் பார்த்தார். மறுநாள் வேலைக்குக் கொண்டுபோனார். சாயங்காலம் வந்து சொன்ன குறை இது: சிமெண்டுக் கையில் கட்டை வழுக்குகிறது, ஓரத்தில் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும்.

அதற்கு நர்லிங் போடவேண்டும். நர்லிங் போட்டால் உலோகம் மேலெழும்பி விட்டம் கூடிவிடும், குண்டோடு சேராது. ஆக, முதலில் கட்டையின் மேல் ஓரத்தில் ஒரு படி இறக்கி, அந்தப் படியில் மட்டும் நர்லிங். ஒரு பக்கமாக அமுக்குகிற நர்லிங் டூல் இந்த மெஷினின் பேரிங்குக்கு ஆகாது. இரண்டு பக்கமும் கிடுக்கி மாதிரிப் பிடிக்கிறதுதான் வேண்டும். மாஸ்டரிடம் அது இல்லை. இருவரும் இப்போது அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.