கரையில் கட்டிய படகிலே



மட்டக்களப்பிலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீற்றர் சென்றால் வாழைச்சேனை. அங்கே களப்போரம் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. என்னிடம் ஓதிய மாணவர் ஒருவரின் நானா, ஆழ்கடல் படகொன்றின் தண்டயல். அவர் அழைக்கவே, அஸருக்குப் பின் படகில் ஏறினேன்.

கரையில் கட்டிக் கிடந்தாலும் அது ஐந்து பேருக்கு வீடு. ஒருவர் படுக்குமளவு பலகைகள், மூலையில் காஸ் அடுப்பு, கயிற்றில் காயும் சாரன்கள். கிடங்கில் ஐஸ் இறங்குகிறது. மூன்று வாரக் கடலுக்கு அரிசி, மா, தேங்காய் எல்லாம் எண்ணி வைக்கிறார்கள்.

மஃரிபுக்கு வுழூச் செய்யத் தண்ணீர்த் தாங்கியருகே குவளையை எடுத்தேன்.

"மௌலவி, கோவிக்க வேணாம். இது குடிக்க மட்டுந்தான். கடல்ல நாங்க உப்புத் தண்ணியிலதான் வுழூ. இப்ப கரையில குழாய் இருக்கு" என்றார் தண்டயல்.

வெட்கப்பட்டேன். ஆண்டுதோறும் நான் நடத்தும் பாடமல்லவா இது! கடலில் செல்லும் ஒருவர், 'கொஞ்சம் நன்னீரே கொண்டு போகிறோம். அதில் வுழூச் செய்தால் தாகத்தில் தவிப்போம்' என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். கடல்நீர் தூய்மையானதே என்று அவர்கள் விடையளித்தார்கள். கிதாபில் ஓதியதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

அப்போது தண்டயலின் சிறு மகன் சோற்றுப் பொதியோடு வந்தான். "வாப்பா, எப்ப வருவீங்க?" தண்டயல் பதில் சொல்லாமல் அவன் தலையைத் தடவினார். அந்தப் பதிலுக்காக வீட்டில் ஒருத்தி மூன்று வாரம் காத்திருப்பாள்.

சகோதரிகளே! குழாயைத் திறந்துவிட்டுப் பேச்சில் இருக்கும்போது அந்தத் தாங்கியை நினையுங்கள். மீன் கழுவும்போது அந்த வீட்டாருக்காக ஒரு துஆச் செய்யுங்கள்.