கதவைச் சாத்தாமல்

போன வருடம் எங்கள் விடுதி அறையில் நான்கு பேரும் ஒன்றாகப் போய் ரத்தம் சோதித்துக்கொண்டோம். ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். ஒருத்திக்கு மட்டும்தான் 10-ஐத் தாண்டியது. ஃபெரிட்டின், அதாவது உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பு, நால்வருக்கும் அடிமட்டம். வைட்டமின் டி-யும் அப்படியே. வெயிலில் களையெடுத்த அம்மாக்களின் மகள்கள் நாங்கள், போட்டித் தேர்வுக்காக அறைக்குள்ளேயே கிடக்கிறோம்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை. எங்களுக்கு மட்டும் வந்த வியாதியில்லை.

மருத்துவர் மாத்திரை எழுதி, "மாதுளை சாப்பிடுங்க" என்றார். (அதில் இரும்பு குறைவு, விலைதான் அதிகம்.) "நான்வெஜ் உண்டா?" என்று கேட்டார். "சிக்கன்" என்றோம். மாட்டுக்கறி என்று நால்வரில் ஒருவர் வாயிலும் வரவில்லை. மேடையில் உணவு உரிமை பேசுகிறவர்கள் நாங்கள்!

ரத்தம் குறைந்தவளுக்கு எங்கள் வீடுகளில் கொடுப்பது ஈரல், சுவரொட்டி, ரத்தப் பொரியல். கீரையின் இரும்பைவிட இவற்றின் இரும்பை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும். விடுதிச் சமையலறைக்குள் இவற்றுக்கு இடமில்லை.

மாத்திரையை டீயோடு விழுங்கிப் பாதியை வீணாக்கினோம். இப்போது டீயைத் தள்ளிவைத்து, எலுமிச்சைச் சாற்றோடு போடுகிறோம். மலம் கறுத்தால் பயப்படாதீர்கள், அது இரும்புதான். வைட்டமின் டி பவுடர் வாரம் ஒன்று, மருத்துவர் சொன்ன வாரங்கள் மட்டும்.

போன ஞாயிறு ஒருத்தியின் அம்மா மாட்டு ஈரல் வறுவல் கொண்டுவந்தார். கதவைச் சாத்தாமல்தான் சாப்பிட்டோம்.