வெட்டிய படத்துக்குப் பின்னால் வெள்ளைக் கட்டம் ஏன் வருகிறது?



பின்னணியை நீக்கிவிட்டுப் படத்தைச் சேமித்தால், நீக்கிய இடமெல்லாம் வெள்ளையாகவோ கறுப்பாகவோ நிரம்பிவிடுகிறது என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஓய்வுக்குப் பிறகு ‘கிம்ப்’ என்ற இலவச மென்பொருளைக் கற்றுக்கொண்டு, தெரிந்த பள்ளிகளுக்குப் பட அட்டைகள் செய்து தருகிறேன். அதனால் என்னிடம் வருகிறார்கள்.

மூன்றாவதாக வந்தது பட அட்டை விஷயம் அல்ல. எங்கள் பழைய தலைமையாசிரியர் காலமாகிவிட்டார். 16ஆம் நாள் காரியத்துக்குப் பதாகை வைக்க வேண்டும். அவர் தனியாக எடுத்துக்கொண்ட நல்ல படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. இருந்தது 1991இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு எடுத்த குழுப்படம்தான். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி ராத்திரி முழுக்க உட்கார்ந்து, கைபேசியில் விரலாலேயே சாரை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறாள். காலையில் பிளக்ஸ் கடையில் நீலப் பின்னணி மேல் வைத்தால் சுற்றிலும் வெள்ளைக் கட்டம். “வெள்ளைதானேக்கா, தூக்கிடலாம்” என்று கடைத் தம்பி ஒரே சொடுக்கில் நீக்கியிருக்கிறார். சாரின் வெள்ளைச் சட்டை, வேட்டி, பாதி நரைமுடி எல்லாம் அதோடு சேர்ந்து போய்விட்டன.

“டீச்சர், சாரையே காணோம் டீச்சர்” என்று போனில் அழுகிறாள்.

ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்குப் பிளானல் போர்டு நினைவிருக்கும். பசுவின் படத்தை ஓரத்தை ஒட்டி வெட்டி, முதுகில் உப்புத்தாள் ஒட்டி, துணிப்பலகையில் அழுத்துவோம். பசுவைச் சுற்றிப் பலகையின் நிறம் தெரியும். அதே பசுவைச் சதுரமான வெள்ளைத்தாளில் ஒட்டி வைத்தால் தாளும் சேர்ந்தல்லவா தெரியும்?

கணினி ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களை வைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. ஒளி ஊடுருவும் படத்துக்கு நான்காவதாக ஓர் எண் வேண்டும். அதற்கு ஆல்ஃபா என்று பெயர். 0 என்றால் அங்கே ஒன்றுமில்லை, பின்னால் இருப்பது முழுதாகத் தெரியும். 255 என்றால் முழுதாக மறைக்கும். முடியின் ஓரத்தில் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் எண் இருக்கும். அதனால்தான் ஓரம் பிசிறில்லாமல் தெரிகிறது.

1992இல் தரமாக்கப்பட்ட ஜேபெக்கில் (கோப்பின் பெயரில் ஜேபிஜி என்று வருமே, அதுதான்) இந்த நான்காவது எண்ணுக்கு இடமே கிடையாது. நிழற்படத்தைச் சிறிய கோப்பாகச் சுருக்குவதற்காக வந்த வடிவம் அது. அந்த வேலையில் கெட்டிதான். ஆனால் காலி இடத்தை அதற்குள் எழுத முடியாததால், சேமிக்கும் செயலி ஏதாவது ஒரு நிறத்தைப் பூசிவிடுகிறது. பூசிய பிறகு சட்டையின் வெள்ளையும் காலியிடத்து வெள்ளையும் ஏறக்குறைய ஒரே எண்கள். கடைத் தம்பியின் மென்பொருளுக்கு எது சட்டை என்று எப்படித் தெரியும்?

பிஎன்ஜியில் நான்காவது எண்ணுக்கு இடம் உண்டு. ஜிஃப் வடிவத்தின் சுருக்கும் முறைக்குக் காப்புரிமைக் கட்டணம் கேட்கத் தொடங்கியதும் அதற்கு மாற்றாக உருவாகி, 1996இல் தரமானது இது. ஜிஃப்பிலும் காலியிடம் வைக்கலாம். ஆனால் உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். நடு எண்கள் இல்லாததால் முடி ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும்.

நல்லவேளை, அவள் வெட்டிய செயலியில் அந்த வேலை இன்னும் மூடப்படாமல் இருந்தது. மறுபடி சேமிக்கச் சொன்னேன், பிஎன்ஜி என்று தேர்ந்தெடுத்து. அதற்குள் கடைத் தம்பி பழைய கோப்பின் பெயரில் ஜேபிஜியை அழித்துவிட்டுப் பிஎன்ஜி என்று எழுதிப் பார்த்தாராம். பாட்டில் மேல் இருக்கும் சீட்டை மாற்றினால் உள்ளே இருக்கும் எண்ணெய் மாறுமா?

புதுக் கோப்பைக் கடைக்கு அனுப்பினாள். மறுபடி வெள்ளைக் கட்டம்! செய்திச் செயலியில் ‘படம்’ என்று அனுப்பினால் பெரும்பாலும் வழியிலேயே ஜேபெக்காகச் சுருக்கிவிடும். ‘ஆவணம்’ என்று அனுப்பச் சொன்னேன். நீலத்தின் மேல் சார் வந்து உட்கார்ந்தார், வேட்டி சட்டையோடு.

கிம்ப் பயன்படுத்துகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஜேபெக் படத்தைத் திறந்து அழித்தால் சதுரங்கக் கட்டம் தெரியாமல் வெறும் நிறம் தெரிகிறதா? முதலில் லேயர் பட்டியலில் ‘ஆட் ஆல்ஃபா சேனல்’ கொடுங்கள். ‘சேவ்’ கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் என்ற அதன் சொந்தக் கோப்புதான் கிடைக்கும். பிஎன்ஜி வேண்டுமென்றால் ‘எக்ஸ்போர்ட் ஆஸ்’. ஆனால் அந்த எக்ஸ்சிஎஃப்பை அழித்துவிடாதீர்கள். நாளைக்கு ஒரு காது விட்டுப்போயிருப்பது தெரிந்தால் அதில்தான் திருத்த முடியும்.

இணையத்தில் எடுக்கும் ‘பிஎன்ஜி’ படங்களில் சிலவற்றில் அந்தச் சதுரங்கக் கட்டமே படமாக அச்சாகியிருக்கும். ஏமாற்று வேலை. எந்தப் படத்தையும் அச்சுக்கு அனுப்புமுன் அடர்சிவப்புப் பின்னணி ஒன்றின் மேல் வைத்துப் பாருங்கள். வெள்ளைத் திரையில் பார்த்தால் வெள்ளைக் கட்டம் கண்ணுக்குத் தெரியாது.