எட்டாவது ஏடு

காமிரா வாங்குவதைப் பற்றி எழுதத் தமிழ் வாத்தியாருக்கு என்ன அருகதை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாத காலம், வகுப்பில் பாடம் நடத்திய நேரத்தைவிட 'மீடியம் ஃபார்மட்டா, ஃபுல் ஃப்ரேமா' என்ற கேள்வியோடு நான் மல்லுக்கட்டிய நேரமே அதிகம். அந்த ஆறு மாதத்தில் நடந்ததை எங்கேயாவது எழுதி வைத்துவிட வேண்டும் என்று நெடுநாளாகவே ஓர் உறுத்தல்.

அவ்வாண்டு மே மாதம், கோடை விடுமுறையில், மாணவி ஒருத்தி சொன்னதை நம்பிச் சீர்காழிக்குக் கிழக்கே ஒரு கிராமத்துக்குப் போனேன். பரம்பரையாக நாட்டு வைத்தியம் பார்த்து வந்த குடும்பம். ஓட்டு வீடு. வீட்டுப் பெரியவருக்கு எண்பது வயதுக்கு மேல். பரணிலிருந்து ஐந்து சுவடிக் கட்டுகளை இறக்கச் சொன்னார். நான்கில் வைத்தியம். ஐந்தாவதைப் பிரித்துச் சில அடிகள் படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு பள்ளு. அதுவும் அந்த வட்டாரத்துப் பள்ளு. வாய்க்கால்களின் பெயரும் நெல்வகைகளின் பெயருமாக ஓடியது. 64 ஏடுகள். ஒவ்வொன்றும் 38 சென்டிமீட்டர் நீளம், மூன்றரை சென்டிமீட்டர் அகலம். நடுவில் கயிற்றைத் தளர்த்தி, கைக்கு வந்த பதினோரு ஏடுகளை இருபுறமும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன்.

"எடுத்துக்கிட்டுப் போறீங்களா தம்பி?" என்று பெரியவரே கேட்டார்.

"வேணாங்கய்யா. ஏடு உங்க வீட்டிலேயே இருக்கட்டும். நல்ல காமிராவோட வந்து இங்கேயே வச்சுப் படம் எடுத்துக்கறேன்" என்றேன்.

இரவல் வாங்கிப் போன சுவடிகள் திரும்பாமல் போன கதைகளை வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழகியவன் அல்லவா? என் நேர்மையில் எனக்கே கொஞ்சம் பெருமிதம். தூசி படாமல் இருக்கட்டும் என்று அந்தக் கட்டை மட்டும் என் பையிலிருந்த ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

'நல்ல காமிரா' என்று வாய்விட்டுச் சொன்னபோது என் மனத்தில் இருந்தது அப்பாவின் காமிரா. அப்பா சிற்றூரில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். அவரிடம் இருந்தது யாஷிகா 635. 1958இல் வெளிவந்த, மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் கொண்ட மாடல். காமிராவை வயிற்றோடு அணைத்து, குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும். கண்ணாடித் தளத்தில் உலகம் இடவலம் மாறித் தெரியும். 120 ரோலில் 12 படம். ஒவ்வொரு நெகட்டிவும் 56க்கு 56 மில்லிமீட்டர் சதுரம். அந்த மாடலில் ஒரு விசேஷம் உண்டு. துணைக்கருவித் தொகுப்பு ஒன்றைப் பொருத்தினால் 35 மில்லிமீட்டர் பிலிமையும் போடலாம். அப்பா கடைசிவரை அதைப் பொருத்தவே இல்லை. காரணம் கலை அல்ல, தொழில். நெகட்டிவின் மேல் கூர்சீவிய பென்சிலால் 'டச்சிங்' செய்து, அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே விழுந்த கருமையையும் ஆற்றிக் கொடுப்பதில்தான் அவருக்குப் பெயர். 35 மில்லிமீட்டர் நெகட்டிவில் ஒரு முகம் உளுந்தளவு இருக்கும். அதில் பென்சிலை எங்கே வைப்பது?

ஆகவே மீடியம் ஃபார்மட் என்பது எனக்கு ஓர் அளவு அல்ல, ஒரு குலப்பெருமை. ஃபுல் ஃப்ரேம் என்ற பெயரே எனக்குச் சிரிப்பூட்டும். சினிமா பிலிமின் 18க்கு 24 மில்லிமீட்டர் சட்டத்தை இரட்டித்து 24க்கு 36 ஆக்கி, ஓஸ்கார் பர்னாக் வடிவமைத்த சிறிய லைக்கா 1925இல் சந்தைக்கு வந்தது. அந்த 24க்கு 36தான் இன்றைய 'முழு' சட்டகம். அப்பா கணக்கில் அது பொடிசு.

2021இல் ஃப்யூஜிபிலிம் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் இரண்டாம் வடிவத்தை வெளியிட்டிருந்தது, 51 மெகாபிக்சல். பார்த்த மாத்திரத்தில் அதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். உடலையும் மேக்ரோ லென்சையும் சேர்த்துக் கூட்டியபோது மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று போட்டு வைத்திருந்த வைப்புத்தொகை முழுவதும் கண்முன் வந்தது. மனைவி எதுவும் சொல்லவில்லை. "ஏட்டைப் படிக்கணுமா, படம் எடுக்கணுமா?" என்று மட்டும் ஒருநாள் கேட்டாள். பதில் சொல்லாமல் மீண்டும் கணினியின் முன் அமர்ந்தேன்.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று ஒப்பீடு வளர்ந்தது. முதல் இடி, டிஜிட்டல் மீடியம் ஃபார்மட் அப்பாவின் மீடியம் ஃபார்மட் அல்ல என்பது. அதன் சென்சார் 43.8க்கு 32.9 மில்லிமீட்டர். பரப்பளவில் அப்பாவின் சதுர நெகட்டிவில் பாதிகூட இல்லை. ஃபுல் ஃப்ரேமோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 1.67 மடங்கு. அவ்வளவு ஒளியைக் கூடுதலாக வாங்கும், உண்மைதான். ஆனால் எதிர்த்தரப்பில் நான் வைத்திருந்த நிக்கான் டி850 (2017இல் வந்தது) ஐஎஸ்ஓ 64இல் தொடங்குகிறது, ஃப்யூஜி 100இல். ஏடு ஓடிவிடப் போவதில்லை. முக்காலியில் காமிராவை நிறுத்தி ஒன்றரை மடங்கு ஒளியைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் அந்த மேன்மை பெரும்பாலும் கரைந்துவிடும். எடையாவது உதவுமா என்று பார்த்தேன். மீடியம் ஃபார்மட் என்றால் கனம் என்பதும் பழைய நம்பிக்கையே. ஃப்யூஜியின் உடல் நிக்கானைவிடச் சுமார் நூறு கிராம் குறைவு. ஆனால் அதன் 120 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் ஒரு கிலோவை நெருங்குகிறது. நிக்கானின் 60 மில்லிமீட்டர் மைக்ரோ அதில் பாதிக்கும் குறைவு.

ஆகா, ஆய்வு நடக்கிறது என்று எனக்கே ஒரு திருப்தி. முனைவர் பட்டத்துக்குக்கூட இவ்வளவு குறிப்பு எடுத்ததில்லை.

தீபாவளிக்கு முந்தைய இரவு, இரண்டு காமிராக்களின் படங்களும் நீளவாக்கில் எத்தனை பிக்சல் என்று பார்த்தேன். இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். ஃப்யூஜி: 8256க்கு 6192. நிக்கான்: 8256க்கு 5504. இன்னொரு முறை பார்த்தேன். நீளம் இரண்டிலும் 8256! மீடியம் ஃபார்மட்டில் கூடுதலாக இருப்பதெல்லாம் உயரத்தில்தான். ஏடோ குறுகி நீண்டது. 38 சென்டிமீட்டர் ஏட்டைச் சட்டத்தின் நீளத்துக்கு நிரப்பினால் இரண்டிலும் அங்குலத்துக்கு 552 பிக்சல், ஒன்று கூடாது, குறையாது. ஏடுகளை இடைவெளியின்றி அடுக்கினால் ஃபுல் ஃப்ரேமில் ஏழு கொள்ளும், மீடியம் ஃபார்மட்டில் எட்டு. வைப்புத்தொகையை உடைத்து நான் வாங்க இருந்தது அந்த எட்டாவது ஏட்டை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. ரகரமும் காலும் ஒரே உருவம். அது 'ர'வா காலா என்பதை எந்தச் சென்சாரும் சொல்லாது. அடியின் ஓசையும் பொருளும்தான் சொல்லும். மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நடத்துகிற பாடம் இது.

டி850ஐப் புதிதாக வாங்க மனமில்லை. கும்பகோணத்தில் திருமணப் படம் எடுக்கும் ஒருவர் வேறு காமிராவுக்கு மாறிக்கொண்டிருந்தார், அவருடையதைப் பேசினேன். விலையில் ஐயாயிரம் இடித்தது. கார்த்திகை பிறக்கட்டும், இறங்கி வருவார் என்று காத்திருந்தேன்.

நவம்பர் இரண்டாம் வாரத்தில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஊர்களைச் சுற்றி நீர் நின்றது. நான்கு நாள் கழித்து மாணவி தொலைபேசியில் அழைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன்.

பரணுக்கு மேலே ஓடு உடைந்து ஒழுகியிருந்தது. துணியில் சுற்றியிருந்த நான்கு வைத்தியக் கட்டுகளும் ஈரம் பட்டு, வடிந்து, தாமே உலரத் தொடங்கியிருந்தன. பிளாஸ்டிக் உறையில் இருந்ததற்கு ஈரம் வெளியேற வழியில்லை. ஒழுகிய நீர் உறையின் திறந்த வாய் வழியாக உள்ளே இறங்கித் தேங்கியிருக்கிறது. ஆள் இடுப்பளவு நீரில் நடமாடிய நாட்களில் பரணை யார் பார்ப்பார்கள்?

"பையில இருக்கிறது பத்திரமா இருக்கும்னு நெனச்சோம் தம்பி" என்றார் பெரியவர். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

சுவடி நூலகம் ஒன்றில் பணியாற்றும் நண்பரைக் கேட்டு, நிழலில் மெல்ல உலர்த்தி, கத்தி போடாமல், மூங்கில் சிம்பால் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தோம். மேலும் கீழுமாக 29 ஏடுகள் பிரிந்து வந்தன. நடுவிலிருந்த 35 ஒரே கட்டியாகிவிட்டன. மே மாதம் நான் கைபேசியில் எடுத்த பதினோரு ஏடுகளும் அந்தக் கட்டிக்குள்தான் இருக்கின்றன. அவற்றுக்கு அந்தப் படங்களே சாட்சி. மூன்றில் கை நடுங்கியிருக்கிறது. 35இல் பதினொன்று போக மீதி 24. அவற்றில் என்ன இருந்தது என்று சொல்ல ஆளில்லை. பெரியவர் சிறுவயதில் தம் பாட்டனார் பாடக் கேட்டிருக்கிறார். ஒரே ஒரு நடவுப் பாட்டின் மெட்டு மட்டும் நினைவிருக்கிறது, சொற்கள் இல்லை.

திரும்பும் வழியில், பேருந்தில், வேண்டாத ஒரு கணக்கு மனத்தில் ஓடியது. எங்கள் துறை அலமாரியில் விழாக்களுக்கென்று வாங்கிய 24 மெகாபிக்சல் காமிரா ஒன்று பூட்டிக் கிடக்கிறது. நீளவாக்கில் 6000 பிக்சல். இந்த ஏட்டுக்கு அங்குலத்துக்கு 400. எழுத்தாணிக் கீறலைத் தெளிவாகப் படிக்க அது தாராளம். சாவி என்னிடம்தான் இருந்தது.

கும்பகோணத்துக்காரர் கேட்ட விலையையே கொடுத்து டி850ஐயும் 60 மில்லிமீட்டர் லென்சையும் வாங்கினேன். துறைக் காமிராவே போதும் என்று தெரிந்த பிறகும் ஏன் வாங்கினேன் என்பதற்கு என்னிடம் நல்ல விடை இல்லை. 2023 பொங்கல் விடுமுறையில் மூன்று நாள் அவர்கள் வீட்டுத் திண்ணையில் வேலை நடந்தது. அங்கே எல்லாம் ஒளியின் கையில்தான் இருந்தது. மை நின்ற ஏடுகளுக்கு இருபுறமும் சமமான ஒளி போதும். நீரில் மை கழுவப்பட்ட ஏடுகளில் வெறும் கீறல்தான் மிச்சம். விளக்கைக் கிட்டத்தட்டத் தரையோடு தாழ்த்தி ஒரு பக்கத்திலிருந்து அடித்தால் கீறலின் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். எதிர்ப்புறம் பெரியவரின் மருமகள் தெர்மோகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டார். அவர் மணிக்கட்டை ஒரு விரற்கடை திருப்பினால் ஒரு சொல் தெரியும், இன்னொன்று மறையும். ஏடுகளும் வளைந்துவிட்டன, ஒவ்வொன்றுக்கும் விளக்கை நகர்த்த வேண்டியிருந்ததால் ஒரு படத்துக்கு ஓர் ஏடுதான் வைக்க முடிந்தது. ஏழுமில்லை, எட்டுமில்லை.

மூன்றாம் நாள் மாலை, எல்லாவற்றையும் கட்டி வைத்தபோது பெரியவர் அந்தக் கட்டியைக் கொண்டுவந்து துணியின் மேல் வைத்தார்.

"இதையும் ஒண்ணு எடுத்துடுங்க தம்பி."

மேலிருந்து எடுத்தால் ஒன்றும் தெரியாது; பக்கவாட்டில் எடுத்தேன். அந்தப் படம் இப்போதும் என் கணினியில் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் ஏடுகளின் ஓரங்கள் கோடு கோடாகத் தெரிகின்றன. 35ஐயும் எண்ண முடிகிறது.