தேனீப்பெட்டிக்குள் அடையாள அட்டைகள்

மக்களே, பிரான்சுன்னதும் ஈஃபில் டவர், ஒயின், புதுச்சேரி, இந்த மூணோட நம்ம பொது அறிவு முடிஞ்சிடும். இன்னிக்கு லெ ஷாம்போன்-சுர்-லின்யோன். வாயில நுழையலைன்னா ஷாம்போன்னே வெச்சுக்குவோம். (ஷாம்பு இல்லீங்க!)

தென்மத்திய பிரான்சுல, சுமார் 960 மீட்டர் உயரத்துல, ரெண்டாயிரத்து சொச்சம் பேர் இருக்குற மலையூர். கத்தோலிக்க நாட்டுல இவங்க பெரும்பாலும் புராட்டஸ்டன்ட். 1685-ல பதினாலாம் லூயி அந்த மதத்தையே தடை பண்ணினப்ப ஒளிஞ்சு வழிபட்டவங்களோட வாரிசுங்க. அப்புறம் கோடை விடுமுறைக்கு ஊர் பேர் வாங்கினதால நகரத்துப் பசங்க காத்து வாங்க வருவாங்க. தெருவுல புதுமுகத்தைப் பார்த்தா யாரும் ரெண்டாவது தடவை திரும்பிப் பார்க்க மாட்டாங்க. இது ரெண்டும் பின்னாடி ரொம்ப உதவுச்சு.

1940 ஜூன் 22-ல ஜெர்மனியோட பிரான்சு போர்நிறுத்தத்துல கையெழுத்து போட்டுச்சு. மறுநாள் ஞாயித்துக்கிழமை. ஆந்த்ரே ட்ரோக்மே, எடுவார் தெய்ஸ்னு ரெண்டு போதகர்கள், மனசாட்சிக்கு விரோதமான உத்தரவுக்குப் பணிய வேண்டாம்னு சபையில சொன்னாங்க. அதுக்கப்புறம் யூதர்கள் வர ஆரம்பிச்சாங்க. பண்ணை வீடு, பள்ளிக்கூடம், விடுதின்னு ஊரும் சுத்துவட்டாரமும் ஆயிரக்கணக்குல ஒளிச்சு வெச்சது.

எனக்குப் பிடிச்ச ஆள் ஆஸ்கர் ரோசோவ்ஸ்கி. இருபது வயசு கூட ஆகல, அவரே பொய்ப் பேர்ல பதுங்கியிருந்த யூதர். டாக்டராகணும்னு ஆசை, யூதன்னு சட்டம் தடுத்துடுச்சு. டைப்ரைட்டர் ரிப்பேர் பண்ணின கையால போலி அடையாள அட்டை, ரேஷன் கார்டுன்னு போட்டுத் தள்ளினார். பண்ணையில இருந்த தேனீப்பெட்டிக்குள்ள அதையெல்லாம் பதுக்கினாங்க. எந்த போலீஸ்காரன் அதுல கை விடுவான் சொல்லுங்க! போருக்கப்புறம் அவர் நிஜமாவே டாக்டரானார்.

யார் வீட்ல யார் இருக்காங்கன்னு பக்கத்து வீட்ல கூட கேட்டுக்கலையாம். இங்க அஞ்சு பேர் டீமுக்கு தினமும் மூணு மீட்டிங், என்னத்தச் சொல்ல!

உயிர்ப்பலியும் இருந்துச்சு. 1943 ஜூன்ல விடுதியொண்ணுல ரெய்டு. ட்ரோக்மேயோட சொந்தக்காரர் டானியல்தான் பொறுப்பாளர். பசங்களை விட்டுட்டு ஓடமாட்டேன்னு அவங்களோடயே போனார். 1944-ல மைதானெக் முகாம்ல செத்துப்போனார்.

1990-ல இஸ்ரேலின் யாத் வஷெம் இந்த ஊரையே ஒட்டுமொத்தமா கௌரவிச்சது. ஆனா எனக்கு இதைவிடப் பெருசாப் பட்டது எரிக் ஷ்வாம் கதை. வியன்னாவுல பிறந்தவர், 1943-ல சின்னப் பையனா குடும்பத்தோட இங்க அடைக்கலம். 2020 டிசம்பர்ல 90 வயசுல இறந்தார். உயில்ல சுமார் 20 லட்சம் யூரோவை ஊருக்கே எழுதி வெச்சிருந்தார். படிப்புக்கும் இளசுகளுக்கும் செலவு பண்ணுங்கன்னு கேட்டிருந்தார்.